அருவியில் தள்ளிய பதினான்கு மூட்டை

1

அன்றைக்கு லாரியில் இருந்தவர்கள் ஐந்து பேர். லாரி ஓட்டிய தத்து, சாத்தாராப் பக்கத்து மராட்டிக்காரர். என் மனைவி மைமூன். அவள் தம்பி மீரான். எங்கள் மகள் ஜுலைஹா, அப்போது எட்டு வயது முடிந்து இரண்டு மாதம். ஐந்தாவது ஆள் நான், செய்யது. வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் உண்டு. பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் தாராவியில் இப்போது பத்துப் பேர் அந்தக் கதையைச் சொல்கிறார்கள். பார்த்தவர்கள் ஐந்து பேர்தான். அதில் ஒருத்திக்கு மட்டும் அது சந்தோஷமான நாள்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. நேற்று மாலை அந்த ஒருத்தி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மழை நன்றாகப் பிடித்ததும் அவள் வகுப்புப் பிள்ளைகளை அருவி காட்டக் கூட்டிப் போகிறார்களாம். அதே மலை. அதே சாலை. தாளில் இருந்தது இந்தி. எனக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒவ்வொரு வரியாகப் படித்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வாப்பா, இங்க சைன் போடணும். அஞ்சு ருபியா குடுக்கணும்."

"கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே, அது என்ன?"

"அது சும்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா ஸ்கூல் ஜிம்மேதார் இல்லன்னு."

"அப்டின்னா?"

"ஜிம்மேதார்னா ஜிம்மேதார்தான் வாப்பா. தமிழ்ல என்னன்னு தெரியல."

தமிழில் அதற்குப் பொறுப்பு என்று பேர். எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருஷமாக மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு எனக்கு அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

"நாளைக்குப் பாக்கலாம்" என்றேன். அவள் முகம் சுருங்கியது.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலையைச் சொல்ல வேண்டும். தாராவியில் தோல் பதனிடுகிற ஒரு கம்பெனியில் சுண்ணாம்புக் குழி என் பொறுப்பு. பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டால்தான் முடி கழன்று வரும். சுண்ணாம்பு சரியில்லை என்றால் தோல் கெட்டுப்போகும். முதலாளி எங்கள் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான், ஹாஜியார் என்று கூப்பிடுவோம். என்னை அந்த வேலைக்கு அவர் எடுத்ததற்கு ஒரே காரணம், நான் சுண்ணாம்புக் கல்லில் வளர்ந்தவன் என்பது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல் வெட்டுகிற பள்ளம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு நான் காளவாய்க்குக் கல் சுமந்தேன். அந்தப் பள்ளத்தை நினைத்து நான் ஏங்கினது கிடையாது. வெயிலில் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

சுண்ணாம்பில் இரண்டு நிலை. காளவாயில் சுட்டெடுத்த கல், பார்க்கக் கல் மாதிரியே இருக்கும், தூக்கினால் லேசாக இருக்கும். அதில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், வெடிக்கும், பொடியாகும். அப்படி நீறிப்போன பிறகுதான் அது சாது. நீறாத சுண்ணாம்பு மூட்டைக்குள் ஈரம் இறங்கினால் சாக்கு எரியும். கண்ணில் தெறித்தால் கண் போகும். எங்கள் வீட்டு வரிசையிலேயே ஒற்றைக் கண்ணோடு ஒருவர் இருக்கிறார். அதனால் மழைக்காலத்தில் நீறின சுண்ணாம்பைத்தான் வாங்குவது வழக்கம்.

போன வருஷம் ஆனி மாதத்தில் ஹாஜியார் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"நீறின சுண்ணாம்புல கால்வாசி எடை தண்ணிலே செய்யது. தண்ணிக்கா நான் லாரி வாடகை குடுக்கேன்? மலைக்கு அந்தப் பக்கம் காளவாய் இருக்காம், மூட்டை ஆறு ரூவா. நீறாததா நாப்பது மூட்டை ஏத்திட்டு வா. இன்னும் மழை பிடிக்கல்ல."

மழை பிடித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சொல்ல வாய் எடுத்தேன். மீரான் பக்கத்தில் நின்றான். அவனும் அதே கம்பெனியில்தான், தோலில் சதை சுரண்டுகிற வேலை.

"மச்சான் இப்ப, 'வானம் இடிஞ்சு விழுந்திருமோ'ன்னு கேப்பாரு பாருங்க முதலாளி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார்.

நான் பயப்படுகிறவன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ரயில் தண்டவாளம் தாண்டும்போது இரண்டு தரம் நின்று பார்ப்பேன். ஸ்டவ்வை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். சிரிப்புக்குப் பயந்து அன்று வாயை மூடிக்கொண்டேன். என் தப்பு அங்கே தொடங்கியது.

3

காலி லாரிதானே போகிறது, நாங்களும் வருகிறோம் என்று மைமூன் கிளம்பினாள். ஜுலைஹா கடலைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. பார்த்த கடலும் மாஹிம் ஓடை கலக்கிற கருப்புக் கடல்.

மலை ஏற ஏற மழை வந்துவிட்டது. சாலையின் ஒரு பக்கம் செங்குத்தாகக் கருப்புப் பாறை, அதன் மேலிருந்து அருவிகள். குற்றாலத்தில் ஓர் அருவிக்கு ஒரு பெயர் வைத்து அதன் கீழ் வரிசையில் நிற்போம். இங்கே பெயரும் இல்லை, வரிசையும் இல்லை. வளைவுக்கு வளைவு ஒன்று, கயிறு போல, வேட்டி உலர்த்தினது போல. சில இடத்தில் தண்ணீர் சாலையிலேயே விழுந்து லாரியின் கூரையில் மத்தளம் கொட்டியது. ஜுலைஹா ஒவ்வொன்றுக்கும், "ஜர்னா! ஜர்னா!" என்று கத்தினாள்.

"அருவின்னு சொல்லுட்டி" என்றாள் மைமூன்.

"அருவி! இன்னொரு ஜர்னா!"

அவள் எண்ணிக்கொண்டு வந்தாள். நானும் எண்ணினேன். திரும்பி வரும்போது எத்தனை இடத்தில் லாரியின் மேல் தண்ணீர் விழும் என்று எண்ணினேன். ஏழு.

மலை ஏறி முடிந்ததும் மேட்டு நிலம், புல் வெளி. கருப்பு மண்ணுக்கு நடுவே ஓர் ஓடைக்கரை மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தத்து அங்கேதான் நிறுத்தினார். நான் இத்தனை வருஷம் கல் பார்த்தவன், அப்படி ஓர் இடத்தைப் பார்த்ததில்லை. சுண்ணாம்புப் பாறை கூரை போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் தண்ணீர் சொட்டிச் சொட்டியே கல் பல் பல்லாகக் கீழே இறங்கி இருந்தது. ஓடை ஒரு துவாரத்துக்குள் புகுந்து காணாமல் போய், முப்பது அடி தள்ளி மறுபடி வெளியே வந்து, வெள்ளைக் கல்லில் வழுக்கிக்கொண்டு ஆள் உயரத்துக்கு விழுந்தது. சத்தமே இல்லாத அருவி. ஜுலைஹா துவாரத்தில் ஓர் இலையைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய் அது வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. மறுபடி போட்டாள்.

காளவாய்க்காரர் சுட்ட கல்லைக் காட்டினார். எங்கள் தொழிலில் சோதிப்பது இப்படித்தான்: ஒரு தகர டப்பாவில் கட்டியைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து எண்ண வேண்டும். இருபதுக்குள் கொதித்தால் வாங்கலாம். ஜுலைஹா தானே எண்ணுகிறேன் என்றாள். "ஏக், தோ, தீன்..." ஏழு எண்ணும்போது கட்டி படீரென்று பிளந்து ஆவி கிளம்பியது. அவள் கை தட்டினாள்.

நல்ல சுண்ணாம்பு. என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமான சுண்ணாம்பைப் பார்த்ததில்லை. நான் வானத்தைப் பார்த்தேன்.

4

நாற்பது மூட்டை ஏற்றித் தார்ப்பாய் போட்டோம். பின்பக்கம் தார்ப்பாயில் முழ நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. நான் அதைப் பார்த்து நின்றபோது மீரான், "அதுக்கு வழி இருக்கு மச்சான்" என்றான். அந்த ஊர்க் கசாப்புக்காரரிடம் அவன் உப்புப் போட்ட பச்சைத் தோல் ஐந்து வாங்கியிருந்தான், ஹாஜியாரிடம் விற்க. அவற்றைக் கிழிசலுக்கு நேர் கீழே, மூட்டைகளின் மேல் விரித்தான்.

"தோலைத் தாண்டித் தண்ணி போயிருமா? அப்டிப் போனா மாடெல்லாம் மழையில கரைஞ்சிரும்லா."

தத்துவுக்கும் இந்தியில் சொன்னான். அவரும் சிரித்தார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். தோல்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. தோலை நாங்கள் அவ்வளவு நம்புகிறோம். உப்புப் போட்ட தோல் தன் நீரைத் தானே விட்டுக்கொண்டே இருக்கும், மழையும் சேர்ந்தால் உப்புத் தண்ணீர் ஓரத்தில் வழிந்து கீழே இறங்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ரசீது வாங்கிவிட்டு நான் வருவதற்குள் ஜுலைஹா மாமாவோடு பின்னால் ஏறிவிட்டாள். கிழிசலை ஒட்டித் தார்ப்பாயின் வாயை மீரான் மூங்கிலால் தூக்கிக் கட்டிக் கூடாரம் மாதிரி செய்திருந்தான், அதற்குள் விரித்த தோல்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கி முன்னால வா."

"முன்னால இருந்தா போற ஜர்னாதான் தெரியும் வாப்பா. இங்க இருந்தா தாண்டி வந்ததும் தெரியும்."

"நான் புடிச்சுக்கிடுதேன், மச்சான். நீங்க போங்க" என்றான் மீரான்.

"கொஞ்சம் சந்தோசமா இருக்க விடுங்களேன்" என்றாள் மைமூன்.

முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது அருவி கூரையில் விழுந்தபோது என் கால் தன்னால் தரையை அழுத்தியது. "சாச்சா, காடி மை சலா ரஹா ஹூன், தும் கியூன் பிரேக் மார்தா ஹை?" என்று தத்து கேலி செய்தார். வண்டி ஓட்டுவது நான், பிரேக் போடுவது நீயா என்று. நான்கு. ஐந்து.

ஆறாவது அருவியின் பக்கத்தில் ஒரு மதகுப் பாலம், அதை ஒட்டிச் சின்னக் கோயில். மலை இறங்குகிற ஓட்டுநர்கள் அங்கே காசு போடாமல் தாண்ட மாட்டார்கள். தத்து நிறுத்தினார். நான் இறங்கிப் பின்னால் போனேன்.

"வாப்பா, இங்க வந்து உக்காருங்க" என்றாள் ஜுலைஹா. "கீழ இருந்து சூடா வருது. நல்லா இருக்கு."

"ஆமா மச்சான்" என்றான் மீரான், பீடியை இழுத்துக்கொண்டு. "வெளிய குளுரு, உள்ள அடுப்பங்கரை மாதிரி. கண்ணே சொக்குது."

5

தோலுக்கு அடியில் கையை விட்டேன். விட்ட வேகத்தில் எடுத்தேன். இன்னும் என் கையில் அந்த இடம் வேறு நிறம்.

"எறங்குட்டி."

"ஏன் வாப்பா?"

கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிச் சாலையில் இறக்கினேன். அழுதாள். மைமூன் ஓடி வந்து அவளைக் கோயில் பக்கம் இழுத்துப்போனாள். தோலை இழுத்துக் கீழே போட்டேன். அடியில் இரண்டு மூட்டை பூரித்துப்போயிருந்தன, தையல் பிரிந்து வாய் வழியாக ஆவி வந்தது. சாக்கு பழுப்பாகிக் கருகுகிற வாசனை. கிழிசல் வழியாக மழை நேரே அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது.

காசு போட்டுவிட்டு வந்த தத்து ஆவியைப் பார்த்தார். "ஆக்! ஆக்!" என்று கத்திக்கொண்டு வாளியோடு அருவிக்கு ஓடினார். தீ என்றால் தண்ணீர், அதுவும் பத்தடியில் அருவி. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

"பானி நஹீ! பானி நஹீ!" என்றேன். அதற்குமேல் எனக்கு இந்தி வரவில்லை. பதினோரு வருஷம் பம்பாயில் இருந்து சேர்த்த இந்தி அத்தனையும் போய்விட்டது. "ஊத்தாதீரும் வேய்! ஊத்தினா எல்லாரும் போயிருவோம்!" என்று தமிழில் கத்திக்கொண்டே அவர் கையில் இருந்த வாளியை உதைத்தேன். உருண்டு போயிற்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் கை காட்டின திசையைப் பார்த்து லாரியில் ஏறி, பின்பக்கத்தை மதகின் கைப்பிடிச் சுவர்வரை கொண்டுவந்தார். வண்டி சுவரில் தட்டுகிற சத்தம் கேட்டதும் நிறுத்தினார். அந்தப் பக்கம் பள்ளம், அருவி விழுந்து ஓடுகிற ஓடை.

"மச்சான், ரெண்டு மூட்டைதான சூடு. அதத் தள்ளுனா போதும்லா!" என்றான் மீரான்.

"பக்கத்து மூட்டையத் தொட்டுப் பாரு."

தொட்டான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு மறுமுனையைப் பிடித்தான். இரண்டு பேரும் தள்ளினோம். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணினது அந்தச் சோதனை எண்ணிக்கைதான். மனது ஏழிலேயே நின்றது. ஏழு தாண்டியும் வெடிக்கவில்லை. கிழிசலுக்குக் கீழே இருந்தது, அதை ஒட்டியிருந்தது, அதன் அடியில் இருந்தது. காய்ந்த சாக்கு கையில் படும்வரை தள்ளினேன். பதினான்கு.

கீழே என்ன நடந்தது என்பதை நான் கடைசியில்தான் பார்த்தேன். மூட்டைகள் பாறையில் மோதிப் பிளந்து ஓடையில் கொதித்தன. ஓடை முழுக்கப் பால். கருப்புப் பாறைகள் மேலிருந்து கீழே வெள்ளையாகிக்கொண்டே போயின. ஆவி அருவியைவிட உயரமாக எழுந்து, மேலிருந்து ஒரு வெள்ளை கீழே விழ, கீழிருந்து ஒரு வெள்ளை மேலே போனது.

கோயில் பக்கத்திலிருந்து கை தட்டுகிற சத்தம் கேட்டது. ஜுலைஹா. கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, சிரிக்கிறாள்.

"வாப்பா! இன்னொண்ணு போடுங்க!"

6

மலை அடிவாரத்தில் லாரியை நிறுத்தச் சொல்லி ஓடைக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. இரண்டு பெண்கள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். கையை நீட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். கையில் புண் ஒன்றும் இல்லை. அப்படியும் ஒரு மாதம் எனக்குத் தூக்கம் இல்லை.

பம்பாய் எல்லை நாக்காவில் சுங்கக் குமாஸ்தா ரசீதைப் பார்த்தார். நாற்பது. லாரியில் இருபத்தாறு. மீதியை எங்கே விற்றாய் என்றார்.

"பானி மே டாலா சாப்" என்றேன்.

"சுண்ணாம்பைத் தண்ணீரில்தான் போடுவார்கள், மூட்டை மூட்டையாகவா போடுவார்கள்?" என்று இந்தியில் கேட்டுவிட்டு, அங்கே இருந்தவர்களுக்கும் சொல்லிச் சிரித்தார். இரண்டு மணி நேரம் நிற்க வைத்து, வழியில் விற்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நான் தமிழில் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கைநாட்டும் வைக்கச் சொன்னார்.

ஹாஜியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

"ரெண்டு மூட்டை சூடாச்சு, பதினாலு தள்ளியிருக்கே. மிச்ச இருபத்தாறும் நல்லபடியா வந்து சேர்ந்துச்சா இல்லையா?"

"அதத் தள்ளுனதுனாலதான் முதலாளி இது வந்துச்சு."

"அத எப்டிப்பா காட்டுவே?"

காட்ட முடியாது. நடக்காமல் போனதை யாருக்குக் காட்ட முடியும்?

"ஒரு வார்த்தை சொல்லு செய்யது. 'பயத்துல தேவையில்லாம தள்ளிட்டேன்'னு பத்துப் பேரு முன்னால சொல்லு. நான் கணக்கக் கிழிச்சுப் போட்டிருதேன். எனக்குப் பணம் பெரிசில்ல. நாளைக்கு ஒவ்வொருத்தனும் என் சரக்கத் தூக்கிப் பள்ளத்துல போட்டிரக் கூடாதுல்லா."

என்னைத் தெரிந்தவர்கள், நான் உடனே சொல்லியிருப்பேன் என்றுதான் நினைப்பார்கள். மைமூனும் அப்படித்தான் நினைத்தாள். நாக்கு நுனிவரை வந்தது. தேவையில்லாமல் என்று நான் சொன்னால், என் மகள் அந்தத் தோல்மேலேயே உட்கார்ந்து மலை இறங்கியிருக்கலாம் என்று சொன்னதாக ஆகும். "பிடிச்சுக்கிடுங்க முதலாளி" என்றேன். பதினான்கு மூட்டை, மூட்டை ஆறு, எண்பத்து நான்கு ரூபாய். மாதம் மூன்று. கிளம்பும்போது வாயை மூடிக்கொண்டு இருந்தேன் அல்லவா, அதற்காக வேண்டுமானால் கட்டுகிறேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

7

இன்று காலை மறுபடி அந்தத் தாள். ஜுலைஹா சாப்பிடாமல் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்க தண்ணி ரோட்டுலயே விழும். வழுக்கும்" என்றேன்.

"எனக்குத் தெரியும். ஏழு இடத்துல விழும்."

விழுகிற இடத்தை எண்ணினது நான் மட்டும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸுல சுண்ணாம்பு ஏத்த மாட்டாங்க வாப்பா" என்றாள். பிறகு மெதுவாக, "டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். எங்க வாப்பா ஒரு ஜர்னாவ வெள்ளையாக்குனாங்கன்னு. யாரும் நம்பல. அந்தக் கல்லு இன்னும் வெள்ளையா இருக்குமா?" என்று கேட்டாள்.

"ஒரு வருச மழையில கழுவிப் போயிருக்கும்."

"கொஞ்சமாச்சும் ஓரத்துல இருக்கும்ல. காட்டுனா நம்புவாங்க."

எனக்கு இன்னும் பயம்தான். அந்தப் பொடி எழுத்து வரியை விரலால் மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன், தமிழில். அவள் அதைப் பார்த்து, "இதுல எது உங்க பேரு?" என்றாள். முழுவதும் என் பேர்தான் என்றேன்.

மாதக் கடைசி, கையில் ஐந்து ரூபாய் இல்லை. ஹாஜியாரிடம் போய் முன்பணம் கேட்டேன். எதற்கு என்றார். பிள்ளையை அருவிக்கு அனுப்ப என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதே மலைக்கா? நீயா அனுப்புதே?" என்றார். கணக்கு நோட்டைப் பிரித்தார், பிரித்ததும் மூடினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல்ல செய்யது. தேவையில்லாம தள்ளிட்டேன்னு ஒரு வார்த்தை. இங்க யாரும் இல்ல, என்கிட்ட மட்டும் சொல்லு. பழசும் போச்சு, இந்த அஞ்சும் சும்மா."

"சேத்து எழுதிக்கிடுங்க, முதலாளி" என்றேன்.

எழுதினார். எண்பத்து நான்கில் இதுவரை முப்பத்தாறு போயிருக்கிறது. மிச்சம் நாற்பத்தெட்டு, இன்று வாங்கியது ஐந்து. பாக்கி ஐம்பத்து மூன்று ரூபாய்.